அமெரிக்க பிரைமரியில் பிரசார ஊழியர்கள் என்னதான் செய்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான்கு வருடத்துக்கு ஒருமுறை அமெரிக்க அதிபர் தேர்தல் வந்துவிட்டால் வாட்ஸ்அப் குழுக்களில் வேட்பாளர்களை வைத்து மணிக்கணக்கில் சண்டை நடக்கும். அந்த வேட்பாளருக்காகச் சம்பளத்துக்கும் சம்பளமே இல்லாமலும் ஓடிக்கொண்டிருக்கும் சில நூறு பேரைப் பற்றி மட்டும் பேச்சே வராது. அவர்களைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. என் சொந்தக் கருத்துகளும் நடுநடுவே வரும், கண்டுகொள்ளாதீர்கள்.

முதலில், பிரைமரி என்றால் என்ன? சுருக்கமாக.

நவம்பரில் டெமாக்ரடிக் கட்சிக்கு ஒருவர், ரிபப்ளிகன் கட்சிக்கு ஒருவர் மோதுகிறார்கள் இல்லையா, அந்த ஒருவர் யார் என்பதைக் கட்சித் தலைமை முடிவு செய்வதில்லை. ஜனவரி, பிப்ரவரியில் ஆரம்பித்து ஜூன் வரை மாநிலம் மாநிலமாக மக்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். பெரும்பாலான மாநிலங்களில் அது சாதாரண வாக்குப்பதிவு, பிரைமரி என்பது அதுதான். சில மாநிலங்களில் ஊர்க்கூட்டம் போல ஓரிடத்தில் கூடி முடிவெடுப்பார்கள், அதற்குக் காகஸ் என்று பெயர். இரண்டிலும் கடைசியில் கணக்கில் வருவது, அந்த வேட்பாளருக்காகக் கட்சி மாநாட்டில் ஓட்டுப் போடப்போகும் பிரதிநிதிகளின் எண்ணிக்கை. கோடையில் நடக்கும் கட்சி மாநாட்டில் பாதிக்கு மேல் பிரதிநிதிகளைக் கையில் வைத்திருப்பவர்தான் வேட்பாளர்.

கட்சிதான் இருக்கிறதே, தனியாக ஆள் வைத்துச் சம்பளம் கொடுப்பானேன்?

இந்தக் கட்டத்தில் கட்சி யாருடைய கட்சியும் இல்லை. எல்லோரும் நம் ஆட்கள்தான் என்று நடுநிலையில் நிற்க வேண்டிய இடத்தில் அது இருக்கிறது (நின்றதா என்பது வேறு கதை, 2016ல் ஹிலரி கிளின்டனோடு மோதிய பெர்னி சாண்டர்ஸின் ஆதரவாளர்களைக் கேட்டால் விடிய விடியச் சொல்வார்கள்). பத்துப் பேர் ஒரே கொடியின் கீழ் நிற்கும்போது கட்சியைக் காட்டி ஓட்டுக் கேட்க முடியாது, கொள்கையிலும் பெரிய வித்தியாசம் இருக்காது. அதனால் ஒவ்வொரு வேட்பாளரும் அலுவலகம், ஆள், பட்டியல், பணம் என்று எல்லாவற்றையும் ஒரு வருடத்துக்குள் வெறுங்கையிலிருந்து கட்டியெழுப்ப வேண்டியிருக்கிறது.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1968ல் நியூ ஹாம்ப்ஷயரில் வியட்நாம் போரை எதிர்த்த செனட்டர் யூஜீன் மெக்கார்த்திக்காகக் கல்லூரி மாணவர்கள் முடியை வெட்டி, தாடியை மழித்து, நல்ல பிள்ளைகளாக வீடு வீடாகப் போனார்கள். பதவியில் இருந்த அதிபர் ஜான்சனுக்கு 49 சதவீதம், இவர்களுடைய ஆளுக்கு 42. அந்த மார்ச் முடிவதற்குள் ஜான்சன் போட்டியே வேண்டாமென்று ஒதுங்கினார். ஆனால் சிகாகோ மாநாட்டில் வேட்பாளர் ஆனவர் ஒரு பிரைமரியில்கூட நிற்காத ஹியூபர்ட் ஹம்ஃப்ரி. அதில் கிளம்பிய கோபத்தில்தான் விதிகள் மாறி, பிரதிநிதிகளை மக்களே தேர்ந்தெடுக்கும் முறை வலுப்பெற்றது. அந்த விதிமாற்றக் குழுவுக்குத் தலைமை வகித்த ஜார்ஜ் மெக்கவர்ன் 1972ல் அதே விதிகளின் கீழ் வேட்பாளரும் ஆனார். 1976ல் ஜிம்மி கார்ட்டர் என்ற, வெளியில் அவ்வளவாகத் தெரியாத ஜார்ஜியா ஆள், முதலில் காகஸ் நடத்திய அயோவாவில் மாதக்கணக்கில் அலைந்து மேலே வந்தார். அதன் பிறகு, முதலில் ஓட்டுப் போடும் மாநிலத்தில் ஆள் வைக்காமல் பெரும்பாலும் யாரும் போட்டியில் இறங்குவதில்லை.

ஒரு பிரசாரக் குழுவில் யார் யார் இருப்பார்கள்?

மேலே பிரசார மேலாளர், அவருக்குப் பக்கத்தில் வியூக வகுப்பாளர், கருத்துக்கணிப்பாளர், விளம்பரக்காரர். டிவியில் வந்து பேசுபவர்கள் இவர்கள்தான், என் அபிப்பிராயத்தில் தேவைக்கு மேல் பெருமை வாங்குபவர்களும் இவர்கள்தான். நிதிப்பிரிவு ஊழியர் ஒருவர் வேட்பாளருக்குப் பக்கத்தில் ஃபோனும் பெயர்ப் பட்டியலுமாக உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாகப் போட்டுக் கொடுப்பார். வேட்பாளர் நாள்தோறும் சில மணி நேரம் முன்பின் தெரியாத பணக்காரர்களிடம் கை நீட்டியாக வேண்டும், ஏனென்றால் தனிநபர் ஒருவர் பிரைமரிக்கு இவ்வளவுதான் தரலாம் என்று சட்டம் உச்சவரம்பு வைத்திருக்கிறது (2024ல் 3,300 டாலர்). இந்த வேலையை வெறுக்காத வேட்பாளரே கிடையாது. அவரை அந்த நாற்காலியில் உட்கார வைப்பதே அந்த ஊழியரின் திறமை.

அப்புறம் நிகழ்ச்சி நிரல் போடுபவர், செய்தித் தொடர்பாளர், எதிராளியின் பழைய ஓட்டுகளையும் பேச்சுகளையும் தோண்டுபவர், எதிராளியின் கூட்டத்துக்கு வீடியோ கேமராவோடு போய் அவர் எப்போது வாய் தவறுவார் என்று காத்திருப்பவர், வேட்பாளருக்கு முன்பே ஊருக்குப் போய் மண்டபம் பார்ப்பவர். இந்தக் கடைசி ஆள் நாற்காலிகளை எண்ணிப் போடுவார்: 300 பேர் வருவார்கள் என்றால் 200 பேர் அமரும் மண்டபம் பிடிப்பார். நிரம்பி வழிகிறது என்று மறுநாள் பேப்பரில் வர வேண்டுமே.

மாநிலத்துக்கு ஒரு இயக்குநர், அவருக்குக் கீழே களப்பிரிவுத் தலைவர், அவருக்குக் கீழே வட்டார மேற்பார்வையாளர்கள், எல்லோருக்கும் கீழே களப்பணியாளர். கடைசிப் படியில் இருப்பவரைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

களப்பணியாளரின் ஒரு நாள் எப்படி இருக்கும்?

பெரும்பாலும் இருபதுகளின் தொடக்கத்தில் இருக்கும் பையன் அல்லது பெண். கல்லூரி முடித்த கையோடு, அதற்கு முன் மிதித்தே இராத ஒரு கவுன்ட்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) கொண்டுபோய் இறக்கிவிட்டிருப்பார்கள். தங்குவதற்கு உள்ளூர் ஆதரவாளர் வீட்டின் கூடுதல் அறை. அலுவலகம் என்பது காலியாகக் கிடந்த ஒரு கடை. மடக்கு மேசை, சுவர் முழுக்கக் கையால் எழுதிய போஸ்டர், மூலையில் ஆறிப்போன பீட்சா.

காலையில் முந்தைய நாள் விவரங்களைக் கணினியில் ஏற்றுவார். அப்புறம் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரைக் காபிக் கடையில் சந்திப்பார். எதற்கு? ஓட்டுக் கேட்க அல்ல. அந்த டீச்சரிடம் படித்தவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள், தன் வட்டாரத்துக்கு அவர் பொறுப்பேற்பாரா என்று கேட்க. ஒரு மணி நேரம் பேச்சு டீச்சரின் மருத்துவக் காப்பீடு, பேரன் ராணுவத்தில் இருப்பது, பக்கத்து ஆலை மூடியது என்று போகும், வேட்பாளர் பெயர் இரண்டு முறைதான் அடிபடும். நல்ல களப்பணியாளர் அதைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்.

மதியம் வீடு வீடாகப் போவதற்கான பட்டியல்களைப் பிரிப்பார். சாயங்காலம் ஐந்திலிருந்து ஒன்பது வரை ஃபோன். சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடுகிறாயே என்று திட்டு வாங்கிக்கொண்டே ஒவ்வொருவருக்கும் 1 முதல் 5 வரை எண் போட வேண்டும். 1 என்றால் உறுதியாக நம் பக்கம், 5 என்றால் நிச்சயம் எதிராளி, 3 என்றால் இன்னும் முடிவெடுக்கவில்லை. வாயால் சொன்னால் போதாது, ஆதரவு தருகிறேன் என்று அட்டையில் கையெழுத்து வாங்கினால்தான் 1 என்று எண்ணும் குழுக்களும் உண்டு, ஏனென்றால் அயோவாக்காரர்கள் மரியாதைக்காரர்கள், வாசலில் நிற்கும் எல்லாப் பிள்ளைகளிடமும் 'உங்கள் ஆள் நல்லவர்தான், யோசிக்கிறேன்' என்பார்கள்.

இரவு பத்து மணிக்கு மேற்பார்வையாளரிடமிருந்து ஃபோன் வரும்: இன்று எத்தனை அழைப்பு, எத்தனை வாசல், எத்தனை அட்டை? சனிக்கிழமைக்குப் பத்துத் தன்னார்வலர்கள் வருவதாகச் சொல்லியிருந்தால் ஐந்து பேர்தான் வருவார்கள் என்று மனதுக்குள் கணக்குப் போட்டு மேலும் பத்துப் பேரைப் பிடிக்க வேண்டும். இது ஏழு நாளும் நடக்கும், ஜனவரிக் குளிரிலும் நடக்கும். 2024 ஜனவரி 15 அன்று நடந்ததுதான் அயோவா காகஸ் வரலாற்றிலேயே மிகக் குளிரான இரவு.

காகஸ் இரவில் இவர்களுக்கு என்ன வேலை?

2020 வரை டெமாக்ரடிக் கட்சி நடத்திய விதத்தைச் சொல்கிறேன், ஊழியர் வேலை பளிச்சென்று தெரிவது அதில்தான். (ரிபப்ளிகன் காகஸில் சீட்டில் பெயரெழுதிப் போட்டுவிட்டுப் போய்விடலாம். டெமாக்ரடிக் கட்சி 2024ல் அயோவாவை முதலிடத்திலிருந்து இறக்கிவிட்டது.)

மாலை ஏழு மணி, ஒரு பள்ளியின் ஜிம். 200 பேர் வந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வேட்பாளர் பெயரைச் சொல்லியும் ஆதரவாளர்கள் ஒவ்வொரு மூலையில் போய் நிற்க வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கத்தான். 15 சதவீதம் இல்லாத கூட்டம் கலைக்கப்படும், அதாவது 30 பேர் வேண்டும். உங்கள் மூலையில் 28 பேர். இப்போது கையில் பட்டியல், சட்டையில் ஸ்டிக்கர், பையில் பிஸ்கட் டப்பாவோடு நம் டீச்சர் கிளம்புகிறார். எதிர் மூலையில் 12 பேரோடு தவிக்கும் கூட்டத்தில் தன் பழைய மாணவன் ஒருவன் நிற்பது அவருக்குத் தெரியும், அவனுடைய இரண்டாவது விருப்பம் யார் என்பதும் தெரியும், ஏனென்றால் அக்டோபரிலேயே களப்பணியாளர் அதைக் கேட்டு எழுதிவைத்திருக்கிறார். அவனும் அவன் மனைவியும் நடந்து வந்தால் 30. வராவிட்டால் மாதக்கணக்கான உழைப்புக்கு அந்த வட்டாரத்தில் மதிப்பு பூஜ்யம்.

அந்த இரவில் அந்த டீச்சர் சொல்வதற்குத்தான் மதிப்பு, வெளியூர்ப் பையன் சொல்வதற்கு இல்லை. பையனின் வேலை அவரைக் கண்டுபிடிப்பதும் தயார்படுத்துவதும்தான். 2020ல் கட்சியின் செயலி படுத்துக்கொண்டு முடிவுகள் நாள்கணக்கில் வராமல் போனபோது, வேட்பாளர்களில் ஒருவரான பீட் புட்டிஜெஜ் அன்றிரவே மேடையேறி வெற்றி என்று அறிவிக்க முடிந்தது, ஏனென்றால் வட்டாரங்களில் இருந்த அவருடைய ஆட்கள் எண்ணிக்கையைத் தனியாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

2008ல் ஒபாமா ஜெயித்தது ஊழியர்களாலா, பேச்சாலா?

இரண்டும்தான், ஆனால் பேச்சு பற்றி எல்லோருக்கும் தெரியும். அயோவாவில் அவருடைய மாநில இயக்குநர் பால் டூவ்ஸ் குழு ஒரு முடிவெடுத்தது: வழக்கமாக காகஸுக்கு வருபவர்களை மட்டும் நம்பினால் ஹிலரி கிளின்டனையும் ஜான் எட்வர்ட்ஸையும் தாண்ட முடியாது, ஆகவே இதுவரை வராதவர்களைக் கொண்டுவர வேண்டும். நவம்பருக்குள் 18 ஆகப்போகும் 17 வயதுப் பிள்ளைகளும் காகஸில் கலந்துகொள்ளலாம் என்பதால் உயர்நிலைப் பள்ளிகளில் தனியாக ஆள் திரட்டினார்கள். கட்சி சாராதவர்கள் அன்றிரவு வாசலிலேயே பதிவு செய்யலாம் என்பதால் அவர்களையும் தேடிப் போனார்கள். அனுபவசாலிகள் சிரித்தார்கள், பிள்ளைகளை நம்பியவன் கெட்டான் என்பது அயோவாவில் பழைய பாடம். 2008 ஜனவரி 3 அன்று கிட்டத்தட்ட 2,40,000 பேர் வந்தார்கள், 2004ல் வந்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதில் பாதிக்கும் மேற்பட்டோர் முதல்முறை வந்தவர்கள். ஒபாமா 38 சதவீதம், மற்ற இருவரும் 30ஐத் தொடவில்லை.

கிளின்டன் தரப்பு சோம்பேறிகள் இல்லை. வயதான ஆதரவாளர்கள் வீட்டு வாசலில் பனி தள்ள மண்வெட்டிகள்கூட வாங்கி வைத்தார்கள். ஆனால் 2007 மே மாதமே, அயோவாவை விட்டுவிடலாமா என்று அவருடைய துணை மேலாளர் எழுதிய குறிப்பு பத்திரிகைக்குக் கசிந்துவிட்டது. தலைமையகமே நம்மை நம்பவில்லை என்று ஊரில் தெரிந்த பிறகு அங்கே வேலை செய்யும் ஊழியரின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

அப்படியானால் ஆள் அதிகம் வைத்தால் ஜெயித்துவிடலாமா?

முடியாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, மூன்று கதைகள் போதும்.

2004ல் ஹோவர்ட் டீன். இணையத்தில் பணமும் கூட்டமும் திரட்டிய முதல் பெரிய வேட்பாளர். அயோவாவுக்கு நாடெங்கிலும் இருந்து 3,500 தன்னார்வலர்கள் ஆரஞ்சு நிறக் குல்லாய் மாட்டிக்கொண்டு வந்து கதவைத் தட்டினார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அது வெளியூர்ப் படையெடுப்பாகத் தெரிந்தது. டீனுக்கு 18 சதவீதம், மூன்றாம் இடம்.

2020ல் மைக்கேல் புளூம்பெர்க். 2019 நவம்பர் கடைசியில் இறங்கினார், 2,000க்கும் மேற்பட்ட ஊழியர்கள், களப்பணியாளருக்கு மாதம் 6,000 டாலர், புது ஐஃபோன், லேப்டாப், மூன்று வேளைச் சாப்பாடு. மொத்தச் செலவு 100 கோடி டாலருக்கு மேல். பல மாநிலங்கள் ஒரே நாளில் ஓட்டுப் போட்ட மார்ச் 3 அன்று அவர் முதலிடம் பெற்ற ஒரே இடம் அமெரிக்கன் சமோவா என்ற பசிபிக் தீவுகள்.

மூன்றாவது கதை இதற்கு நேர் எதிர். 2012ல் ரிக் சான்டோரம் கையில் பணமே இல்லை. அயோவாவின் 99 கவுன்ட்டிகளுக்கும் அவரை ஏற்றிக்கொண்டு சுற்றியது சக் லாட்னர் என்ற உள்ளூர்க் கட்சிக்காரரின் பிக்கப் டிரக். ஓட்டுநரும் அவரே, ஆலோசகரும் அவரே, ஒவ்வோர் ஊரிலும் யாரைப் பார்த்துக் கைகொடுக்க வேண்டும் என்று தெரிந்தவரும் அவரே. முதல் இரவில் மிட் ராம்னி 8 ஓட்டில் முந்தியதாக அறிவித்தார்கள், இரண்டு வாரம் கழித்துத் திருத்திய கணக்கில் சான்டோரம் 34 ஓட்டு முன்னால்.

ஊழியர்கள் இருக்கும் ஆதரவைப் பெருக்குவார்கள். இல்லாத ஆதரவை உண்டாக்கும் ஊழியர் எந்தச் சம்பளத்துக்கும் கிடைக்க மாட்டார். சான்டோரமும் அயோவாவோடு சரி என்று சொல்ல முடியாது, மேலும் பல மாநிலங்களை ஜெயித்தார், ஆனால் அத்தனை மாநிலங்களில் டிரக் ஓட்ட முடியாதே, கடைசியில் ராம்னியின் பணமும் அமைப்பும்தான் மிஞ்சியது.

கண்ணுக்கே தெரியாத, ஆனால் தேர்தலையே மாற்றும் வேலை ஏதாவது?

பிரதிநிதிகளை எண்ணும் ஆளும், வாக்குச்சீட்டில் பெயர் வரவைக்கும் ஆளும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

2008 பிப்ரவரி 5 அன்று இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் ஒரே நாளில் தேர்தல். கிளின்டன் நியூ ஜெர்சியை வென்றார், பெரிய மாநிலம், டிவியில் பெரிய செய்தி. அதில் அவருக்கு ஒபாமாவைவிடக் கூடுதலாகக் கிடைத்தவை 11 பிரதிநிதிகள். அதே நாளில் ஐடஹோ என்ற, டெமாக்ரட்டுகள் எட்டிக்கூடப் பார்க்காத மாநிலத்தில் ஒபாமாவுக்கு 15, கிளின்டனுக்கு 3, அதாவது 12 கூடுதல். அங்கே ஒபாமா ஆள் வைத்திருந்தார், கிளின்டன் தரப்பு பெயருக்குக்கூட இறங்கவில்லை. டெமாக்ரடிக் கட்சியில் பிரதிநிதிகள் ஓட்டு விகிதப்படி பிரிக்கப்படுகிறார்கள், பெரிய மாநிலத்தில் கொஞ்சமாக ஜெயிப்பதைவிடச் சின்ன மாநிலத்தில் அடித்து நொறுக்குவது லாபம் என்று கணக்குப் போட்டுக் காட்டியவர் ஜெஃப் பெர்மன் என்ற வழக்கறிஞர். பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அதைத்தான் சொல்கிறேன்.

2012ல் வர்ஜீனியாவில் வாக்குச்சீட்டில் இடம்பெற 10,000 கையெழுத்து வேண்டியிருந்தது, ஒவ்வொரு நாடாளுமன்றத் தொகுதியிலும் குறைந்தது 400. நியூட் கிங்ரிச்சுக்கு அது வசிக்கும் மாநிலம், கருத்துக்கணிப்பிலும் மேலே இருந்தார். கொடுத்த கையெழுத்துகளில் செல்லாதவை அதிகம் என்று தள்ளிவிட்டார்கள். காசுக்குக் கையெழுத்து வாங்க வந்த ஒருவர் போலியாக எழுதித் தந்துவிட்டார் என்று அவரே பிறகு சொன்னார். ராம்னி, ரான் பால் இருவர் பெயர் மட்டும்தான் வாக்குச்சீட்டில் வந்தது.

2016ல் கொலராடோ ரிபப்ளிகன் கட்சி மாநிலம் தழுவிய வாக்கெடுப்பு நடத்தாமல், மாநாடுகளில் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தது. டெட் குரூஸ் ஆட்கள் வாரக்கணக்கில் உட்கார்ந்து வேலை பார்த்து 34 இடங்களையும் அள்ளினார்கள். டிரம்ப் தரப்பு கடைசி நேரத்தில் வந்து விநியோகித்த துண்டுச்சீட்டில் வேட்பாளர்களின் வரிசை எண்களே தப்பாக இருந்தன, அதைப் பார்த்து ஓட்டுப் போட்டால் வேறு ஆளுக்கு விழும். டிரம்ப் கடைசியில் ஜெயித்தார் என்பது வேறு. ஆனால் பால் மேனஃபோர்ட் அவரிடம் வேலைக்கு வந்தது முதலில் பிரதிநிதிகள் கணக்கைப் பார்க்கத்தான்.

தோற்கும்போதெல்லாம் மேலாளரை மாற்றுகிறார்களே, பலன் உண்டா?

சில நேரம். 2003 நவம்பரில் ஜான் கெர்ரி தன் மேலாளரை நீக்கிவிட்டு மேரி பெத் கேஹிலைக் கொண்டுவந்தார், பாஸ்டன் வீட்டை அடமானம் வைத்து 64 லட்சம் டாலர் போட்டார், எல்லாவற்றையும் அயோவாவில் கொட்டி ஜெயித்தார். 2020ல் பைடன் அயோவாவில் நாலாம் இடம் வந்தபின் அனிடா டன் கைக்குப் பொறுப்பு போனது, பிறகு ஜென் ஒமேலி டில்லன் மேலாளர் ஆனார். ஆனால் பைடனைக் காப்பாற்றியது சவுத் கரோலினா கறுப்பின வாக்காளர்களும் அந்த மாநில நாடாளுமன்ற உறுப்பினர் ஜிம் கிளைபர்னின் ஆதரவும்தான், நாற்காலி மாற்றம் இல்லை என்பேன். 2008 பிப்ரவரியில் கிளின்டன் தன் மேலாளர் பேட்டி சொலிஸ் டோயிலை மாற்றியபோது நேரம் கடந்துவிட்டது.

ஊழியர்களே மொத்தமாக ஓடிப்போனதும் உண்டு. 2011 ஜூன் 9 அன்று, கிரேக்கத் தீவுகளுக்கு மனைவியோடு கப்பல் பயணம் போய்வந்த கிங்ரிச்சை விட்டு மூத்த ஊழியர்கள் கூட்டமாக ராஜினாமா செய்தார்கள். அவ்வளவுதான், முடிந்தார் என்று எல்லோரும் எழுதினார்கள், அடுத்த ஜனவரியில் சவுத் கரோலினாவை வென்றார். 2007 ஜூலையில் ஜான் மெக்கெயின் ஆறு மாதத்தில் திரட்டிய சுமார் 2.4 கோடி டாலரில் ஏறக்குறைய 20 லட்சம்தான் மிச்சம் என்று தெரிந்து மேலாளரும் தலைமை வியூகக்காரரும் வெளியேறினார்கள், ஆட்குறைப்பு நடந்தது, மனிதர் தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு சாதாரண வகுப்பில் பறந்தார். நியூ ஹாம்ப்ஷயரையும் வென்றார், வேட்பாளரும் ஆனார். ஊழியர் கூட்டம் பெருத்துப்போவதும் ஒரு நோய்தான் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

மாற்றவே முடியாத ஒரு சிக்கலும் உண்டு: இரண்டு தலைமை. சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் 2019ல் போட்டியிட்டபோது மேலாளர் ஒருவர், பிரசாரத் தலைவராகத் தங்கை மாயா ஹாரிஸ். கடைசி முடிவு யாருடையது என்பது ஊழியர்களுக்கே தெரியவில்லை என்று அப்போது செய்திகள் வந்தன. பால்டிமோர் தலைமையகத்தில் ஆட்குறைப்பு, மிச்சமுள்ளவர்களை அயோவாவுக்கு மாற்றல், ஊழியர்களை இவ்வளவு மோசமாக நடத்திய அமைப்பைப் பார்த்ததில்லை என்று ஒரு மூத்த ஊழியர் எழுதிய ராஜினாமா கடிதம் நியூயார்க் டைம்ஸில் வெளியானது, டிசம்பர் 3 அன்று வேட்பாளரே விலகினார். தங்கையை எந்த வேட்பாளராலும் நீக்க முடியாது, அதனால்தான் குடும்பத்தை நாற்காலியில் உட்கார வைக்கக் கூடாது.

சம்பளம் எவ்வளவு? வேலை நேரம்?

சம்பளம் குறைவு, நேரத்துக்கு அளவில்லை. 2019ல் பெர்னி சாண்டர்ஸ் ஊழியர்கள் தொழிற்சங்கம் அமைத்தார்கள், பெரிய கட்சிகளின் அதிபர் பிரசாரத்தில் அதுவே முதல்முறை. களப்பணியாளருக்கு வருடம் 36,000 டாலர், வாரம் 60 மணி நேர வேலை. வகுத்துப் பார்த்தால், மணிக்கு 15 டாலர் குறைந்தபட்சக் கூலி வேண்டுமென்று மேடைதோறும் முழங்கும் வேட்பாளரின் ஊழியருக்கே 15 டாலர் இல்லை. விஷயம் பத்திரிகையில் வந்தபின் வேலை நேரத்தைக் குறைத்தார்கள். பணம் தீர்ந்தால் கதை இன்னும் மோசம்: 2008 பிப்ரவரியில் கிளின்டனின் மூத்த ஊழியர்கள் சிலர் சம்பளமில்லாமல் வேலை பார்த்தார்கள். புளூம்பெர்க் ஊழியர்களுக்கு நவம்பர் வரை வேலை என்று சொல்லப்பட்டிருந்தது, மார்ச்சிலேயே அனுப்பிவிட்டார்கள், வழக்கு நீதிமன்றம் போனது.

ஊழியர் செய்த தப்புக்கு வேட்பாளர் பொறுப்பா?

சட்டப்படி எப்படியோ, அரசியலில் ஆமாம். 1987ல் டெமாக்ரடிக் போட்டியில் இருந்த ஜோ பைடன் பிரிட்டிஷ் தலைவர் நீல் கின்னக்கின் பேச்சை அப்படியே எடுத்துப் பேசிய வீடியோவைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தது அதே போட்டியில் இருந்த மைக்கேல் டுகாகிஸின் மேலாளர் ஜான் சாஸோ. எங்கள் ஆட்கள் செய்திருக்க மாட்டார்கள் என்று டுகாகிஸ் முதலில் சொல்லிவிட்டார், உண்மை தெரிந்ததும் சாஸோ போக வேண்டியதாயிற்று. அடுத்த வருடம் பொதுத்தேர்தல் தள்ளாடியபோது அவரையே திரும்பக் கூப்பிட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2015 டிசம்பரில் வாக்காளர் தகவல் மென்பொருளில் கொஞ்ச நேரம் தடுப்பு விலகியபோது சாண்டர்ஸ் ஊழியர்கள் கிளின்டனின் பட்டியலைத் துழாவினார்கள். தகவல் பிரிவுத் தலைவர் வேலை போனது, கட்சி சாண்டர்ஸ் குழுவின் சொந்தப் பட்டியலையே முடக்கியது, வழக்கு வரை போய்த் திரும்பக் கிடைத்தது. பட்டியல் இல்லாத அந்த நேரத்தில் நூற்றுக்கணக்கான ஊழியர்களுக்கு யார் கதவைத் தட்டுவதென்றே தெரியாது.

சூப்பர் பேக் என்கிறார்களே, அவர்களை வைத்துக் களவேலை செய்ய முடியாதா?

2024 ரிபப்ளிகன் போட்டியில் ரான் டிசான்டிஸ் செய்து பார்த்தார். வரம்பில்லாமல் பணம் வாங்கக்கூடிய வெளி அமைப்பிடம் வீடு வீடாகப் போகும் வேலையையே விட்டார். வேட்பாளரும் அந்த அமைப்பும் வியூகம் பற்றிப் பேசிக்கொள்ளக் கூடாது என்பது விதி, ஆக ஒரு கை செய்வது இன்னொரு கைக்குத் தெரியாது. உள்சண்டை, ராஜினாமா, எல்லாம் நடந்தது. அயோவாவின் 99 கவுன்ட்டிக்கும் போனார், ஒரு கவுன்ட்டியில்கூட முதலிடம் வரவில்லை. 98 டிரம்புக்கு, மிச்சமிருந்த ஒன்றில் நிக்கி ஹேலி ஒரே ஓட்டில் முந்தினார். டிசான்டிஸ் ஜனவரியில் விலகினார். வீடு வீடாகப் போகும் வேலையில் இரு தரப்பும் சேர்ந்து செயல்படலாம் என்று தேர்தல் ஆணையம் கருத்துச் சொன்னது மார்ச்சில்.

தோற்றபின் ஊழியர்கள் என்ன ஆவார்கள்?

இரண்டு வாரம் தூங்குவார்கள், அப்புறம் நேற்றுவரை திட்டிய வேட்பாளரிடம் வேலைக்குப் போவார்கள். ஜென் ஒமேலி டில்லனையே பாருங்கள்: 2008ல் அயோவாவில் எட்வர்ட்ஸுக்கு, தோற்றபின் பொதுத்தேர்தலில் ஒபாமாவுக்கு, 2012லும் ஒபாமாவுக்கு, 2019ல் பீட்டோ ஓரூர்க்குக்கு மேலாளர், அதுவும் தோற்றபின் பைடனுக்கு. பிரைமரியில் தோற்பது இந்தத் தொழிலில் அவமானம் இல்லை. கடன்தான் இழுத்துக்கொண்டே போகும், கிளின்டனின் 2008 பிரசாரக் கடன் தீர வருடங்கள் ஆயின.

நான் ஹெச்-1பி விசாவில் இருக்கிறேன். பிரசாரத்தில் வேலை செய்யலாமா?

சம்பளத்துக்கு முடியாது, உங்கள் விசா உங்கள் நிறுவனத்துக்கு மட்டும். தன்னார்வலராக ஃபோன் செய்யலாம், கதவைத் தட்டலாம், சனிக்கிழமை அலுவலகத்தில் உறை ஒட்டலாம், தேர்தல் ஆணைய விதி அதை அனுமதிக்கிறது. ஆனால் பணத்தை எதில் செலவிடுவது, எந்த ஊரில் ஆள் வைப்பது போன்ற முடிவுகளில் வெளிநாட்டவர் தலையிடக் கூடாது. நன்கொடை கண்டிப்பாகக் கூடாது. பிரசாரக் குழுவின் இணையதளத்தில் டி-ஷர்ட் வாங்குவதும் நன்கொடைக் கணக்கில்தான் வரும், அதையும் தொடாதீர்கள். கிரீன் கார்டு இருந்தால் சம்பளத்துக்கும் சேரலாம், நன்கொடையும் தரலாம், ஓட்டுப் போட மட்டும் குடியுரிமை வரும்வரை காத்திருக்க வேண்டும்.